கைகாட்டி நிறுத்தும் காவலரும் பின்னால் வரும் கடிதமும்

கேள்வி: மதுரையிலிருந்து வேலை அனுமதி அட்டையில் சிங்கப்பூருக்கு வந்து பத்து மாதங்கள் ஆகின்றன. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு அவ்வப்போது அத்தானின் காரை ஓட்டுகிறேன். அண்மையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் கைப்பேசியைக் கையில் பிடித்து வழி பார்த்துக்கொண்டு சென்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். அபராதத்தை அங்கேயே கட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. விவரங்களைக் குறித்துக்கொண்டு, கடிதம் வரும் என்று கூறி அனுப்பிவிட்டார். அதற்குள், நான் வேறொரு நாள் சிவப்பு விளக்கைக் கடந்ததாகக் கேமராவில் பதிவான படத்தின் பேரில் அத்தானுக்குக் கடிதம் வந்திருக்கிறது. தாமே ஓட்டியதாக எழுதிவிடுகிறேன் என்கிறார் அத்தான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியில் கைப்பேசியைவிடவும் சிவப்பு விளக்கைவிடவும் கடுமையான விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. அத்தானின் பெருந்தன்மையை இன்றே தடுத்து நிறுத்துங்கள். சிங்கப்பூரில் கேமராவில் பதிவாகும் குற்றத்துக்கான கடிதம் வாகன உரிமையாளருக்குத்தான் முதலில் செல்லும். அன்று வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரிவிக்க வேண்டியது அவருடைய சட்டபூர்வக் கடமை. ஓட்டாதவர் தாம் ஓட்டியதாக எழுதிக்கொடுத்தால் அது போக்குவரத்துக் குற்றம் என்ற நிலையைத் தாண்டி, அரசாங்கத்துக்குப் பொய்த்தகவல் அளித்த குற்றமாகிவிடுகிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அதற்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்படி எழுதிக்கொடுக்கத் தூண்டியவரையும் சட்டம் விட்டுவைப்பதில்லை. இது ஏட்டளவில் உறங்கும் சட்டமும் அன்று. பிறர் குற்றத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டவர்களும் ஏற்கச் செய்தவர்களும் இங்கே சிறைக்குச் சென்றிருக்கிறார்கள். கார் போன்ற இலகுரக வாகனத்துக்குச் சிவப்பு விளக்கு மீறலின் அபராதம் 400 வெள்ளி, குற்றப் புள்ளிகள் 12. சிங்கப்பூர் உரிமம் வைத்திருப்பவர் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகளை எட்டினால் உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்படும். முதல் முறை என்றால் 12 வாரங்கள். அதாவது, உங்களுக்காக அத்தான் எழுதும் ஒரு வரி, பொய்க்கான தண்டனையைத் தவிர, அவருடைய கணக்கில் பாதியையும் தின்றுவிடும். கடிதத்தில் குறித்துள்ள கெடுவுக்குள் உங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் அவர் தெரிவிக்கட்டும்.

அடுத்தது, அங்கேயே கட்டிவிடலாமா என்று நீங்கள் கேட்டது. நம் ஊர்ச் சாலைகளில் அபராதத்தை அந்த இடத்திலேயே கட்டி ரசீது வாங்குவது பழக்கமான நடைமுறை என்பதால் அதை இயல்பாகக் கேட்டிருப்பீர்கள். இங்கே சாலையோரத்தில் காவலர் பணம் வாங்குவதில்லை. ஆகவே அந்தக் கேள்வி அவர் காதில் வேறு விதமாக விழுந்திருக்கக்கூடும். லஞ்சம் கொடுப்பதாகச் சொல்வதே குற்றம். அவர் வாங்க மறுத்தாலும், தொகை ஐந்து வெள்ளியாக இருந்தாலும் குற்றம் குற்றமே. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். 1952ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் லஞ்ச ஒழிப்புப் புலனாய்வுப் பிரிவு இத்தகைய சிறிய தொகைகளையும் விசாரிக்கிறது. நீங்கள் எந்தத் தொகையும் குறிப்பிடாமல், பணப்பையை எடுக்காமல், நடைமுறை அறியாது கேட்டிருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இனி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். காப்பிக் காசு, தேநீர்ச் செலவு என்ற விளையாட்டுப் பேச்சும் வேண்டாம்.

இனி எப்போதாவது நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமிக்ஞை காட்டி, காவலர் காட்டும் இடத்தில் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, அவர் சொல்லும்வரை வண்டிக்குள்ளேயே இருங்கள். விரைவுச்சாலையின் ஓரத்தில் இறங்கி நடப்பது உயிருக்கே ஆபத்து. உரிமத்தின் அசலையும் வேலை அனுமதி அட்டையையும் கையோடு வைத்திருங்கள். கைப்பேசியில் உள்ள படத்தை நம்பிப் புறப்படாதீர்கள். பெயர், முகவரி போன்ற அடையாள விவரங்களை மறைக்காமல் கொடுக்க வேண்டும். குற்றம் பற்றிய வாக்குவாதத்துக்கு மட்டும் சாலையோரம் உகந்த இடம் அன்று. அங்கே நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முடிவு கடிதத்தில்தான் வரும், கோபத்தில் சொன்ன சொற்களோ குறிப்பேட்டில் ஏறிவிடும். பின்னர் விசாரணைக்கு அழைத்து வாக்குமூலம் பதிவுசெய்தால், உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆங்கிலம் தெரிந்தவர்தானே என்று கூச்சப்படாமல், தேவையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நான் பார்த்தவரையில் நம்மவர்கள் இதைக் கேட்பதே அரிது. மதுச் சோதனைக்கு ஊதச் சொன்னால் மட்டும் மறுக்காதீர்கள்; தக்க காரணமின்றி மறுப்பது தனிக் குற்றம்.

கைப்பேசி விவகாரம் சிறியது என்று எண்ண வேண்டாம். வண்டி நகரும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்தினால், முதல் முறைக் குற்றத்துக்கே 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. குற்றப் புள்ளிகள் 12. வழிகாட்டி தேவையென்றால் புறப்படுமுன்பே தாங்கியில் பொருத்திவிடுங்கள்.

கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறதா, நீதிமன்றத்துக்கு அழைக்கிறதா என்பதே. வெளிநாட்டு ஊழியருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. காவல்துறை முன்வைக்கும் சமரச அபராதத்தைக் கட்டினால் அது நீதிமன்றத் தண்டனையாகக் கருதப்படாது; நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தால் அது பதிவில் நிற்கும். வேலை அனுமதிக்கும் நிரந்தரவாசத்துக்குமான விண்ணப்பங்களில் நீதிமன்றத் தண்டனை பற்றிய கேள்வி இடம்பெறுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எனவே நியாயமான மறுப்பும் ஆதாரமும் இருந்தால் கெடு முடிவதற்குள் போக்குவரத்துக் காவல்துறையின் இணையச் சேவை வழியாக முறையிடுங்கள், வாகனக் கேமரா பதிவு இருந்தால் அழியாமல் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் காலம் தாழ்த்தாமல் கட்டிவிடுங்கள். கட்டாமலும் முறையிடாமலும் விட்டால் வழக்கு நீதிமன்றம் செல்லும். அங்கும் தோன்றாவிட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரத்தில் பழைய வாடகை வீட்டு முகவரிக்குக் கடிதங்கள் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது பெருஞ்சிக்கலானதைக் கண்டிருக்கிறேன். ஆகவே வீடு மாறியவுடன் முகவரியை மனிதவள அமைச்சிடம் புதுப்பித்துவிடுங்கள். மேலும், அபராதம் கட்டச் சொல்லி இணைப்புடன் வரும் குறுஞ்செய்தி எதையும் தொடாதீர்கள். அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் gov.sg என்ற ஒரே அனுப்புநர் பெயரில் வருகின்றன. சந்தேகம் எழுந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.

உங்கள் உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் பத்து மாதங்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் மனத்தில் பட்டது அதுதான். உங்களைப் போன்ற வேலை அனுமதி அட்டைதாரர் வெளிநாட்டு உரிமத்தில் ஓட்டக்கூடிய காலம் 12 மாதங்கள்; வொர்க் பெர்மிட் என்னும் வேறு வகை அனுமதியில் வந்து, வேலையின் பகுதியாக வாகனம் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. அவ்வப்போது எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய்த் திரும்பினால் காலம் புதிதாகத் தொடங்கும் என்று காப்பிக்கடையில் சொல்பவர்களை நம்பி இருந்துவிடாதீர்கள். காலம் கடந்து ஓட்டினால் அது உரிமமின்றி ஓட்டிய குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த அத்தானும் பொறுப்பாவார். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கக்கூடும். உங்கள் உரிமத்தைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்ற முதலில் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும். அதில் 50 கேள்விகள். குறைந்தது 45க்குச் சரியான விடை வேண்டும். மதுரையில் இருபது ஆண்டு ஓட்டியவர்களும் மஞ்சள் கோடுகளின் பொருளிலும் பேருந்துத் தட விதிகளிலும் தடுமாறித் தோற்பதுண்டு. ஆகவே அனுபவத்தை மட்டும் நம்பாமல் கையேட்டைப் படியுங்கள். தேர்வு நாள் உடனே கிடைக்காமல் போகலாம் என்பதால், உபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் உள்ள ஓட்டுநர் பயிற்சி நிலையங்களில் ஒன்றில் இந்த வாரமே பதிவுசெய்யுங்கள். மீதமிருக்கும் இரண்டு மாதங்களில் தேர்வையும் உரிம மாற்றத்தையும் முடிக்க முடியாவிட்டால், முடியும்வரை அத்தானின் சாவியை வாங்காமல் எம்ஆர்டி ரயிலில் செல்லுங்கள்.