கூரையைப் பிரித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை முடிந்துவிட்டது. முதலில் போட வேண்டிய நான்கு கீமோவில் இரண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு வாரம் ஒன்றாக 12 இருக்கிறதாம். தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. தினமும் காலையும் இரவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் வாசித்து ஜெபிக்கிறேன். இப்போது சில நாட்களாக, நான் பைபிளை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். "நீங்களே பண்ணிக்கோங்க" என்கிறாள். இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல் வந்தது. தலையில் கைவைத்து ஜெபித்தேன், விடிவதற்குள் இறங்கிவிட்டது. அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் விசுவாசம் குறைந்துவிட்டதோ, அதனால் சுகம் தடைப்படுமோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்காக நான் உபவாசம் இருக்கலாமா? அவளுக்கு எந்தச் சங்கீதத்தை வாசித்துக் காட்டலாம்?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 101.

கீமோ போட்ட இரண்டாவது வாரத்தில்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிற பத்தாம் நாள் சரியாக அதன் நடுவில் இருக்கிறது. அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், செல்சியஸில் 38, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போன் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. கிருமியை எதிர்க்க ஆளில்லாத உடம்பில் அது ரத்தத்தில் பரவ ஒரு முழு இரவுகூடத் தேவையில்லை. இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை. சொல்லியிருப்பார்கள். உங்கள் காதில் விழுந்திருக்காது.

காய்ச்சல் இறங்கியது கிருபை. நன்றி சொல்லுங்கள், முழங்கால் போட்டே சொல்லுங்கள். ஆனால் சபையில் மைக்கைப் பிடித்துச் சொல்லாதீர்கள். அங்கே மூன்றாவது வரிசையில் உங்களைப் போலவே ஒரு கணவன் உட்கார்ந்திருப்பான். அடுத்த மாதம் அவன் மனைவிக்குக் காய்ச்சல் வரும்போது விடியட்டும் என்று காத்திருப்பான். உங்கள் மனைவி வரமாட்டேன் என்றது அவிசுவாசம் அல்ல. வீட்டில் ஒருவராவது நிதானமாக இருக்கிறார் என்று சந்தோஷப்படுங்கள். மூன்றாவது கீமோவுக்கு முன்னால் அந்தக் காய்ச்சலைப் பற்றி மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காதில் விழுந்திருக்காது என்று இவ்வளவு உறுதியாக எழுதக் காரணம், எனக்கு விழவில்லை. பதினோரு வருடம் முன்பு என் மனைவிக்கு இதே நோய். முதல் நாள் போட்ட மருந்து சிவப்பாக இருந்தது. டாக்ஸோரூபிசின் என்பார்கள், பெரிய சிரிஞ்சில் வைத்து நர்ஸ் மெதுவாக ஏற்றினார். ஏற்றிக்கொண்டே, "ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வாந்தி வராமல் இருக்கக் கொடுத்த மருந்தில் என் மனைவி அரைத்தூக்கத்தில் இருந்தாள். நான் தலையாட்டினேன். என் கட்டைவிரல் போனில் நாற்பது பேருக்கு ஜெப விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி அவள் குளியலறைக்குப் போனாள். சிவப்பைப் பார்த்தாள். உள்ளே ஏதோ உடைந்து ரத்தம் போகிறது என்று நினைத்து, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம். நான் கூடத்தில் அவளுக்காகச் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டேன். "நீங்க ஜெபத்துல இருந்தீங்க. முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு வெகுநாள் என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசல் வரை கூட்டம். கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். நம் பேச்சில் நாலு பேர் தூக்குவது என்றால் ஒரே அர்த்தம்தான். இங்கே தூக்கப்படுகிறவன் உயிரோடு இருக்கிறான், அதுதான் விசேஷம். உள்ளே போக வழியில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். நாலு பேர் என்ற கணக்கு மாற்கில் மட்டும்தான் இருக்கிறது. லூக்கா ஓடுகளைச் சொல்கிறார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மத்தேயுவோ கூரையையே விட்டுவிட்டார். ஆனால் மூன்று பேருமே விடாமல் வைத்துக்கொண்ட ஒரு சொல் உண்டு: இயேசு 'அவர்கள்' விசுவாசத்தைக் கண்டார். அவன் விசுவாசத்தை என்று ஒருவர்கூட எழுதவில்லை. படுத்திருப்பவனையும் சேர்த்துத்தான் 'அவர்கள்' என்று வாதிடுவோர் உண்டு. சேர்த்துக்கொள்ளட்டும். சுகமாகும் வரை அவன் ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். நம்புகிறேன் என்றோ, சுகமாக்கும் என்றோ சொல்லவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது.

நான் திரும்பத் திரும்ப நின்றது வேறொரு இடத்தில். அந்த நாலு பேர் ஏன் காத்திருக்கவில்லை? அவனுக்கு நோய் அன்றைக்கு வந்ததல்ல. பேச்சு முடிந்து கூட்டம் கலைந்தால் வாசல் வழியாகவே கொண்டு போயிருக்கலாம். கூரை மிச்சமாகியிருக்கும், வீட்டுக்காரரின் திட்டும் மிச்சம். அந்த அவசரத்தைத்தான் இயேசு மேலே பார்த்து விசுவாசம் என்று கண்டுகொண்டார். அவர்கள் கூரையில் நின்று ஜெபித்ததாக எழுதவில்லை. மண் படிந்த எட்டுக் கைகள் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்திருக்கும். அதன் பிறகு அவர்கள் கதையிலேயே இல்லை. சாட்சி சொல்லவும் வரவில்லை.

ராத்திரி 101-க்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நம்பிக்கைக் குறைச்சல் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், இந்த நாலு பேரைக் காட்டுங்கள். கூடவே, பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று எழுதியதையும் சொல்லுங்கள்.

அப்புறம், அவள் விசுவாசத்தால் சுகம் தடைப்படுமா என்ற கேள்வி. தடைப்படாது, இதை இன்னொரு முறை யாரிடமும் கேட்காதீர்கள். முக்கியமாக அவளிடம். மார்பு போய், முடி போய், வாயெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறவளுக்கு விசுவாசத்தில் மார்க் போட உங்களை யார் உட்கார வைத்தது? உபவாசம் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் மயங்கி விழக்கூடாது.

அடுத்து வரப்போகிற 12 வாரம் பெரும்பாலும் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்தாக இருக்கும். பாதிக்கு மேல் போனதும் விரல் நுனிகள் மரத்துப் போகலாம். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், மாத்திரை அட்டையைப் பிய்க்க வராது. அவளாகச் சொல்லமாட்டாள். பார்த்துக்கொண்டே இருங்கள், பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்க அது தேவை.

சங்கீதம் கேட்டீர்கள். அவள் கேட்டால் 88. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும், அது திரும்பாது. கேட்காவிட்டால் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் எழுதி முடித்து, உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வேதம், விசுவாசம் எதைப் பற்றியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அவளுக்கு ஆபரேஷன் எந்தப் பக்கம்?" என்றாள். கடிதத்தில் இல்லையே என்றேன். "ஆபரேஷன் ஆன பக்கம் சாய்ஞ்சு படுக்க முடியாதுல்ல. இவர் அந்தப் பக்கமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தா அவ சுவரைத்தான் பாத்துப் படுக்கணும். கட்டிலை நகத்திப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."