டி அண்ட் டி மேப் எதுல வரையிறது? கேட்டதுக்கெல்லாம் பதில்

மலேசியாவுல கேஎல், பினாங்கு ரெண்டு பக்கமும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கதை சொல்லி பகடை உருட்டி ஆடுற ஆட்டம்) மேசையில உக்காந்து ஆடுறவங்க மேப் சாப்ட்வேர் பத்தி கேட்டது நிறைய சேர்ந்துருச்சு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

அண்ணே, புதுசா டிஎம் (ஆட்டத்த நடத்துறவர்) ஆயிருக்கேன். மேப் வரைய இங்கார்னேட்டா ஒண்டர்டிராஃப்டா? 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போட முடியாது. (செந்தூல்)

தம்பி, இப்போதைக்கு ரெண்டுக்கும் காசு கட்டாதீங்க. மொதல்ல அந்த மேப் எங்க போகப்போகுதுன்னு முடிவு பண்ணுங்க, பேப்பர்லயா, டிவி ஸ்கிரீன்லயா, இல்ல ஃபவுண்ட்ரி மாதிரி ஆன்லைன் டேபிள்லயா, அதுதான் சாப்ட்வேர தீர்மானிக்கும், அழகான சாம்பிள் படத்த பார்த்து வாங்கினவங்க பாதிப் பேரு ரெண்டு மேப்போட நிறுத்திடறாங்க. ஒண்டர்டிராஃப்ட் உலகம், நாடு, கடற்கரை வரைய, ஒரே தடவ 30 டாலர் பக்கம் கட்டினா போதும், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். வீடு, குகை, சண்டை நடக்குற ரூம் வரைய அதே ஆளு செஞ்ச டஞ்சன்டிராஃப்ட், அது 20 டாலர் பக்கம். இங்கார்னேட் ரெண்டையும் செய்யும், ஆனா பிரவுசர்ல ஓடுறது, முழுசா வேணும்னா சந்தா. உங்களுக்கு டஞ்சன் ஸ்க்ரால் போதும், பிரவுசர்ல இலவசமா இருக்கு, கறுப்பு வெள்ளையில ரூம இழுத்து விட்டா சுவர் தானா வந்துரும்.

கடாரத்த (பழைய கெடா) வச்சு ஒரு கேம்பெயின், அதாவது பல நாள் ஆடுற தொடர்கதை, எழுதுறேன், 1025-ல ராஜேந்திர சோழன் படை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. எப்படி வரையலாம்? (ஜார்ஜ்டவுன்)

அக்கா, இந்தக் கேள்விய பார்த்ததும் ரொம்ப சந்தோஷம், நம்ம ஊர வச்சு ஆட ஆள் வரணும்னு எவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கேன். ஒண்டர்டிராஃப்ட் எடுங்க, அதுல நெஜ மேப் ஒண்ண அடியில வச்சு மேலயே வரையலாம். ஆனா இன்னைக்கு இருக்குற கெடா கடற்கரைய அப்படியே வரைஞ்சிராதீங்க, அந்தக் காலத்துல கடல் இன்னும் உள்ள தள்ளி இருந்துச்சு, மெர்போக் ஆத்துப் பக்கம் தாராளமா தண்ணியா விடுங்க. ஜெராய் மலைய பெருசா போடுங்க, 1,200 மீட்டர் ஒசரம், கடல்ல வர்ற கப்பக்காரனுக்கு அதுதான் அடையாளம், உங்க பிளேயருங்களுக்கும் மொதல்ல கண்ணுல படவேண்டியது அதுதான்.

இன்னொண்ணு, ஸ்கேல். எல்லாரும் 6 மைல் ஹெக்ஸ்தான் (மேப்புல போடுற ஆறு பக்கக் கட்டம்) போடச் சொல்வாங்க. அது போட்டா பினாங்குத் தீவு மொத்தமும் மூணு நாலு ஹெக்ஸ்ல முடிஞ்சிரும், அக்கா. மெர்போக் ஆத்தோரமா நடக்குற கதைக்கு 1 மைல் ஹெக்ஸ் வைங்க, கடல் பயணத்துக்கு மட்டும் தனியா ஒரு பெரிய மேப்.

தமிழ்ல ஊர் பேரு போட்டா எழுத்து உடையுதே? (பட்டர்வொர்த்)

ஆமா, நெறைய மேப் சாப்ட்வேர் தமிழ சரியா கோர்க்காது. "கொ" போட்டீங்கன்னா கொம்பு முன்னாடி போகாம க-வுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நிக்கும், பார்க்கவே கஷ்டமா இருக்கும். வழி இருக்கு: பேரே இல்லாம மேப்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இங்க்ஸ்கேப்புங்கிற படம் வரையிற சாப்ட்வேர்ல தெறந்து அங்க பேர எழுதுங்க. அது இலவசம், தமிழ் ஒழுங்கா வரும், ஆத்து வளைவோட எழுத்த வளைக்கவும் முடியும். தயவுசெஞ்சு இதுக்காக ஆங்கிலத்துக்கு மாறிடாதீங்க.

ஃபோட்டோஸ்டேட் கடையில பிரிண்ட் எடுத்தா மினியேச்சர் (ஆட்டத்துக்கு வைக்கிற குட்டி பொம்மை) கட்டத்துல உக்கார மாட்டேங்குது. (பிரிக்பீல்ட்ஸ்)

"ஃபிட் டு பேஜ்" ஆன்ல இருக்கும். கடைக்காரர்கிட்ட "ஆக்சுவல் சைஸ்"னு சொல்லுங்க, மொத தாள் வந்ததும் ரூலர் வச்சு அளங்க, ஒரு கட்டம் ஒரு இன்ச், அதனால 10 கட்டம் சரியா 25.4 சென்டிமீட்டர் இருக்கணும், 24 வந்தா சுருக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஒரு கட்டத்துக்கு 300 பிக்சல் வச்சு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஏ3 தாள்ல ஓரம் போக 11க்கு 16 கட்டம் பிடிக்கும், அதனால ரூம வரையும்போதே அந்த அளவுல வெட்டி வரைங்க.

ஃபவுண்ட்ரில ஆடுறோம், சுவர் எல்லாம் திரும்ப வரையணுமா?

டஞ்சன்டிராஃப்ட்ல வரைஞ்சா வேணாம். யுனிவர்சல் விடிடின்னு ஒரு எக்ஸ்போர்ட் இருக்கு, சுவர், கதவு, வெளக்கு எல்லாம் அந்த ஃபைல்லயே போகும், ஃபவுண்ட்ரில ஒரு மாட்யூல் (கூட சேர்க்குற துணை சாப்ட்வேர்) போட்டு உள்ள எடுத்துக்கலாம். நான் டஞ்சன்டிராஃப்ட விடாம வச்சிருக்குறதுக்குக் காரணமே இதுதான். ஃபவுண்ட்ரிக்கு கட்டத்துக்கு 100 பிக்சல் போதும், படத்த பிஎன்ஜி-ல வேணாம், ஃபைல் சின்னதா வர்ற வெப்பி-ல (WebP) சேவ் பண்ணுங்க, இல்லன்னா ஸ்லோ லைன்ல இருக்குற பிளேயர் லோடிங்லயே உக்காந்திருப்பாரு.

நான் ஆட்டோகேட் டிராஃப்ட்ஸ்மேன். எனக்குத் தோதா ஏதாச்சும்? (புக்கிட் மெர்தாஜாம்)

கேம்பெயின் கார்ட்டோகிராஃபர், அண்ணே. 1993-லயே வந்தது, அடிப்படையே கேட் தான். கமாண்ட் மொதல்ல, பொருள் அப்புறம், ரைட் கிளிக் பண்ணி "டூ இட்". மத்தவங்க இதப் பார்த்து ஓடுவாங்க, நீங்க ஓட மாட்டீங்க. விண்டோஸ்ல மட்டும்தான்.

வரைஞ்ச மேப்ப விக்கலாமா?

இங்கார்னேட் இலவசத்துல வரைஞ்சத விக்கக் கூடாது, சந்தா கட்டுற ப்ரோ வேணும். எங்கிருந்தோ டவுன்லோட் பண்ண மரம், வீடு படம் சேர்த்திருந்தா ஒவ்வொண்ணுக்கும் லைசென்ஸ் தனி, விக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் படிங்க, அது வேற ஒரு ஓவியரோட உழைப்பு.

ஏஐ கிட்ட கேட்டா வரைஞ்சு குடுக்குமே?

மூட் காட்ட ஒரு படம் வேணும்னா சரி. சண்டை மேப்புக்கு எனக்கு ஒத்து வரல, கட்டம் நேரா நிக்காது, கதவு சுவருக்கு நடுவுல எங்கயோ தெறக்கும், ஒரு ரூம மட்டும் மாத்தணும்னா மொத்தப் படமும் மாறிரும். நேரம் இல்லன்னா வாட்டாபூங்கிறவர் செஞ்ச ஒன் பேஜ் டஞ்சன தட்டுங்க, அது தானா மேப் போடுற வெப்சைட், ஒரு கிளிக்ல கட்டத்தோட மேப் வந்துரும், இன்னைக்கு ராத்திரி ஆட்டத்துக்கு அது தாங்கும்.