டீலரும் 21ஐத் தாண்டினால் என் காசு ஏன் போகிறது?

கேள்வி: ஒன்லைன் கசினோவில் பிளாக்ஜாக் பழகுகிறேன், 21ஐத் தாண்டாமல் டீலரை (கசினோவுக்காக ஆடுபவரை) விட அதற்குக் கிட்ட வரவேண்டிய சீட்டாட்டம். கையில் 16 இருந்தது, இன்னொரு கார்ட் கேட்டேன், 24 ஆகிவிட்டது. அதே மேசையில் இன்னொருவர் தாண்டாமல் நின்றதால் டீலர் தன் கார்ட்களை எடுத்தார், டீலருக்கும் 25. இரண்டு பேரும் தாண்டினால் சமன்தானே? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: சமன் இல்லை. நீங்கள் 21ஐத் தாண்டிய அந்த நிமிடமே உங்கள் காசு போய்விட்டது, அதற்குப் பிறகு டீலருக்கு என்ன நடந்தாலும் உங்களுக்குச் சம்பந்தமில்லை. நீங்கள் முதலில் ஆட வேண்டும், டீலர் கடைசியில் ஆடுவார். கசினோவின் லாபம் முக்கியமாக இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஆகவே டீலர் 17 வரும்வரை எடுக்கிறாரே, நானும் அப்படியே செய்தால் என்ன என்று நினைக்காதீர்கள். டீலரின் தெரியும் கார்ட் 6 என்றால் உங்கள் 16ஓடு நின்றுவிடுங்கள், தாண்டும் ஆபத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். அதுவே 10 என்றால் இன்னொரு கார்ட் எடுப்பதுதான் கணக்குக்குச் சரி.

வீட்டில் முந்நூற்றிநாலு விளையாடி ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று பழகியவர்கள் அதை மறந்துவிட வேண்டும். இங்கே ஜாக், குயின், கிங் எல்லாமே 10தான், ஏஸ் மட்டும் 1 அல்லது 11.

காசு வைக்க முன் விதிப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியைத் தேடுங்கள்: பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு கார்டிலேயே ஏஸும் ஒரு 10உம் வந்து 21 ஆனால், 3:2 தருகிறார்களா, 6:5 தருகிறார்களா? 1000 ரூபா வைத்தால் முதலாவதில் 1500 கிடைக்கும், மற்றதில் 1200. சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் விழும், ஒவ்வொரு தடவையும் 300 குறைந்தால் யோசித்துப் பாருங்கள். 6:5 மேசையில் உட்காரவே வேண்டாம். ஏஸும் ஆறுமாக 17 வந்தால் டீலர் நிற்பாரா என்பதையும் பாருங்கள், நிற்கும் மேசை உங்களுக்கு நல்லது.

அப்புறம் இன்சூரன்ஸ். டீலர் ஏஸ் காட்டினால் திரையில் அந்தப் பெட்டி வரும், பாதுகாப்பு மாதிரித் தெரியும். உண்மையில் அது டீலரின் மறைந்த கார்ட் 10 என்று வைக்கும் தனிப் பந்தயம், வென்றால் வைத்ததைப் போல் இரண்டு மடங்கு கிடைக்கும். 500 ரூபாப்படி 13 தடவை வைத்தால், கணக்குப்படி 9 தடவை தோற்று 4500 போகும், 4 தடவை வென்று 4000 வரும். வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

கேள்வி: கார்ட் எண்ணினால் கசினோவை வெல்லலாம் என்று என் கணவர் சம்பளக் காசில் விளையாடுகிறார். உண்மையா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் 1962இல் எழுதிய புத்தகத்தில் வழி காட்டியது உண்மைதான் அக்கா, ஆனால் அது கையால் கலைக்கும் மேசைக்கு. சாதாரண ஒன்லைன் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கணினி கார்ட்களை முழுதாகப் புதிதாகக் கலைக்கிறது. போன சுற்றில் என்ன விழுந்தது என்பது அடுத்த சுற்றுக்கு எதுவுமே சொல்லாது, எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நல்ல விதியுள்ள மேசையில் தவறே விடாமல் ஆடினாலும், வைக்கும் ஒவ்வொரு 1000 ரூபாவிலும் சராசரியாக ஐந்து ரூபா அளவு கசினோவுக்குத்தான் போகும். இந்தக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள், சம்பளம் வந்த அன்றே வாடகையையும் பிள்ளைகளின் செலவையும் உங்கள் கைக்கு வாங்கிவிடுங்கள்.