குத்தகைக் காருக்கு ஆயில் மாற்றத் தவறிவிட்டேன்: இன்ஜினுக்கு நான் பொறுப்பா?

கேள்வி: மூன்று ஆண்டுக் குத்தகையில் ஒரு கார் எடுத்து ஓட்டி வருகிறேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் ஆண்டில் 10,000 கிலோமீட்டர் ஆனபோது மாற்றினேன்; வேலைப் பளுவில் அதன் பிறகு விட்டுவிட்டேன். இப்போது 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இன்னும் நான்கு மாதங்களில் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் ஆவணங்களையும் சேர்த்துக் கொடுக்கும்படி நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிய இன்ஜினுக்கான முழுத் தொகையையும் என்னிடம் கேட்பார்களா? பழைய தேதியிட்டு ரசீது எழுதித் தருவதாகத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மற்ற எதிலும் உங்களைக் காப்பாற்றுவது கடினம். அந்த ரசீதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். இன்று உங்கள் மீது இருப்பது ஒப்பந்தத்தை மீறிய குறை மட்டுமே. அதற்குப் பரிகாரம் பணம். பொய்யான ரசீதை நிறுவனத்திடம் கொடுத்த கணத்தில் அது போலி ஆவணம், ஏமாற்று என்ற குற்றவியல் எல்லைக்குள் போய்விடும். உங்களுக்கு உதவ நினைத்த பட்டறைக்காரரும் உடன் சிக்குவார். அது கண்டுபிடிக்கப்படாது என்று எண்ணவும் வேண்டாம். புதிய வாகனங்கள் பலவற்றில், சர்வீஸ் நினைவூட்டல் எத்தனையாவது கிலோமீட்டரில் அணைக்கப்பட்டது என்ற பதிவு வண்டியின் கணினியிலேயே இருக்கிறது. ரசீது எண் பட்டறையின் கணக்கு வரிசையோடு ஒத்துப்போக வேண்டும்; அந்த ஃபில்டரைப் பட்டறை வாங்கியதற்கும் கணக்கு வேண்டும். ஒரு தாள் பொய் என்று தெரிந்துவிட்டால், முதல் ஆண்டில் நீங்கள் உண்மையாகவே ஆயில் மாற்றியதற்கான ரசீதையும் நடுவர் நம்பத் தயங்குவார். உங்களிடம் இருக்கும் நல்ல சான்று அது ஒன்றுதான்; அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனிப் பொறுப்பு பற்றி. 20,000, 30,000 கிலோமீட்டர்களில் செய்ய வேண்டிய இரண்டு சர்வீஸ்களை நீங்கள் செய்யவில்லை; ஆகவே மீறல் நடந்துவிட்டது, அதை மறுக்க இடமில்லை. ஆனால் மீறல் வேறு, அதனால் விளைந்த இழப்பு வேறு. இந்த வேறுபாட்டின் மீதுதான் உங்கள் வழக்கு முழுவதும் நிற்கிறது. ஒப்பந்த மீறலுக்கு எந்த அளவு இழப்பீடு என்பதை ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வரையறுத்த பழைய தீர்ப்பு 1854 ஆம் ஆண்டின் ஹாட்லி எதிர் பாக்ஸெண்டேல். மீறலிலிருந்து இயல்பாகவே விளையும் இழப்பையும், ஒப்பந்தம் செய்த காலத்தில் இரு தரப்பாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய இழப்பையும் மட்டுமே கேட்கலாம் என்று அது சொன்னது. ஆயில் மாற்றாவிட்டால் இன்ஜின் தேயும் என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடிய விளைவே. எனவே ‘இது எதிர்பாராத இழப்பு’ என்ற வாதம் உங்களுக்கு உதவாது. ‘இழப்பு என்று எதுவும் இல்லை’ அல்லது ‘அது சிறியது’ என்று காட்டுவதே உங்களுக்கு இருக்கும் வழி.

அப்படிக் காட்ட முடியுமா என்பது இன்ஜினின் உண்மையான நிலையைப் பொறுத்தது. ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சூட்டை வெளியே கொண்டுவருகிறது, எரிபொருள் எரிந்து மிஞ்சும் கரியையும் அமிலத்தையும் ஏந்திக்கொள்கிறது. அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் நாளாக ஆகத் தீர்ந்துபோகின்றன. அப்புறம் கரியும் ஈரமும் சேர்ந்து கூழ் போன்ற கசடாகப் படிகின்றன. கசடு ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் ஆயில் அழுத்தம் குறையும். கிராங்க் தண்டின் பேரிங்குகளும் டர்போ இருந்தால் அதன் தண்டும் முதலில் அடிவாங்கும். டைமிங் செயினும் தேயும். சிறு தூரப் பயணமே அதிகம் என்றால், இன்ஜின் முழுச் சூடு அடையாததால் ஈரம் வெளியேறாமல் கசடு இன்னும் விரைவாகச் சேரும். கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் ஒப்பந்தத்தில் எழுதுவது இதனால்தான். உங்கள் வண்டி ஒரே ஆயிலில் 28,000 கிலோமீட்டர், அதாவது விதித்த இடைவெளியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஓடியிருக்கிறது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை இன்ஜின் நன்றாக இருப்பதற்கான சான்றாக யாரும் ஏற்கமாட்டார்கள். கசடு பல மாதம் ஒலியில்லாமலே சேரக்கூடியது.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். இழப்பைக் கேட்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பிறர் பொருளைத் தம் காப்பில் வைத்திருந்தவர் அதைச் சேதத்தோடு திருப்பித் தந்தால், தாம் நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டதைக் காட்டும் சுமை அவர் மீது விழுகிறது. ஆயில் மாற்றியதற்குச் சான்று இல்லாத நீங்கள் அந்தச் சுமையைச் சுமப்பது கடினம். அதனால்தான், வண்டி உங்கள் கையில் இருக்கும் இந்த நான்கு மாதங்களுக்குள் சான்றை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இந்த வாரமே ஆயிலை மாற்றுங்கள். ஆனால் பழைய ஆயிலை வடித்துக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றி வருவதோடு முடித்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியவர் அல்லாத, ஒப்பந்தம் அனுமதிக்கும் ஒரு பட்டறைக்குப் போங்கள். ஓடோமீட்டரைத் தேதியோடு படமெடுங்கள். ஆயிலை வடிக்கும்போது ஒரு சிறு புட்டியில் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் இரும்பு, செம்பு போன்ற தேய்மான உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் கசடு படிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆயில் அழுத்தத்தையும், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷனையும் அளந்து எழுத்தில் வாங்குங்கள். ஓரிரு ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் மாற்றுவது நல்லதா என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள். இந்தச் சோதனைகள் உங்களுக்குப் பாதகமாகவும் முடியலாம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் உண்மை நிலையை நிறுவனத்தின் பரிசோதகர் வாயால் கடைசி நாளில் கேட்பதைவிட, பேசித் தீர்க்கக் காலம் இருக்கும்போதே நீங்கள் அறிந்திருப்பது மேல்.

சோதனை முடிவு கைக்கு வந்ததும் ஒப்பந்தத்தை முழுவதுமாகப் படியுங்கள். பராமரிப்புத் தவறினால் குத்தகையையே முறித்து வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம். அப்படியானால் குறையைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்றும் எழுதியிருக்கலாம். ‘இயல்பான தேய்மானம்’ என்ற விலக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முறையாகப் பராமரித்தும் தேய்வதுதான் அது, பராமரிக்காமல் தேய்ந்ததை அது காக்காது. பின்னர் நிறுவனத்துக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: எந்தச் சர்வீஸ் விடுபட்டது, எப்போது சரிசெய்யப்பட்டது, சோதனை என்ன சொல்கிறது. காரணங்களையும் மன்னிப்பையும் நீட்டி எழுத வேண்டாம். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிட்டால் எல்லாம் காக்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள்; உண்மையான சமரசப் பேச்சின் பகுதியாக எழுதியதை மட்டுமே அது காக்கும், வெறும் தகவல் கடிதத்தில் நீங்கள் ஒப்புக்கொண்ட உண்மைகளை அல்ல.

நிறுவனம் புதிய இன்ஜினின் முழு விலையைக் கேட்டால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்களிடமிருந்து பெற வேண்டியது 38,000 கிலோமீட்டர் ஓடிய, முறையாகப் பராமரிக்கப்பட்ட ஒரு வண்டி. புத்தம் புதிய இன்ஜின் அல்ல. அந்த வண்டியின் சந்தை மதிப்புக்கும் நீங்கள் தரும் வண்டியின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசமே நியாயமான அளவு. இன்ஜின் நன்றாக இருந்தாலும், சர்வீஸ் ஆவணம் முழுமையாக இல்லாத வண்டி விற்பனையில் சற்றுக் குறைவாகத்தான் போகும் என்பதால் ஒரு சிறு தொகையாவது தர நேரலாம். விடுபட்ட ஒவ்வொரு சர்வீஸுக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே தொகை குறித்திருந்தால் கேள்வி வேறு. உண்மையான முன்மதிப்பீட்டையும் மிரட்டுவதற்காக எழுதிய தண்டத்தையும் வேறுபடுத்திய 1915 ஆம் ஆண்டின் டன்லப் தீர்ப்பை, 2015 இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்து, நிறுவனத்தின் நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் மிகுந்த தொகையா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. பராமரித்த வண்டியைத் திரும்பப் பெறுவதில் நிறுவனத்துக்கு நியாயமான நலன் உண்டு. ஆகவே மிதமான தொகை என்றால் எதிர்த்துப் போராடுவது வீண் செலவு என்றே கருதுகிறேன்.

இன்ஜின் உண்மையிலேயே கெட்டிருந்தால் தயாரிப்பாளரின் வாரண்டியோ மோட்டார் காப்பீடோ கைகொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பராமரிப்பின்மையால் வந்த சேதத்தை இரண்டுமே பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் ஆயிலோடு தொடர்பே இல்லாத ஏசி, கியர், மின் கருவிகள் போன்றவற்றின் பழுதையும் இதே காரணத்தைச் சொல்லி உங்கள் தலையில் கட்ட முயன்றால், எந்தப் பழுதுக்கு எது காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் உங்கள் நிலை மறதியிலிருந்து அலட்சியத்துக்கு மாறிவிடும். திருப்பித் தரும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பரிசோதனை அறிக்கை இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தை அனுப்புவதற்கு முன், ஒப்பந்தத்தோடும் சோதனை அறிக்கையோடும் உங்கள் பகுதிச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.