தலகாணிக்கு அடியில வச்ச பைபிளும் ராத்திரி மூணு மணி பயமும்

கேள்வி: அக்கா, ஏழு மாசமா என் வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு தட்டிடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. பைபிள் வசனம்தான் ஆவியின் பட்டயம், அதாவது ஆவியானவர் குடுக்கிற வாள்னு சர்ச்ல சொல்றாங்க. தலகாணிக்கு அடியில பைபிள் வச்சுதான் படுக்குறேன், மொபைல்ல பாதுகாப்புக்காக சொல்ற 91ம் சங்கீதம் விடிய விடிய ஓடுது, வருஷப்பிறப்பு ஆராதனையில எடுத்த, அந்த வருஷத்துக்கான வசனம் எழுதுன வாக்குத்தத்த கார்டு கதவுல ஒட்டியிருக்கு. பயம் போகல. உனக்கு விசுவாசம் பத்தலன்னு ஒரு ஆன்ட்டி சொல்லிட்டாங்க. போன வாரம் கோவத்துல வீட்டுக்காரர பாத்து "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்"னு வசனத்தையே சொல்லிட்டேன், அன்னிலருந்து அவர் குடும்ப ஜெபத்துக்கு உக்கார்றதில்ல. பட்டயம் என் கையில மட்டும் ஏன்கா வேலை செய்யல?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். முதல்ல அந்த ஆன்ட்டி சொன்னத மனசுலருந்து எடுத்துப் போட்ருங்க. நடுராத்திரி பயந்து எழுந்திரிச்சு இருட்டுல பைபிள தேடுற பொண்ணுக்கு விசுவாசம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பட்டயத்த வீடு பூரா வச்சிருக்கீங்க, தலகாணிக்கு அடியில, கதவுல, ஸ்பீக்கர்ல, கையில மட்டும் எடுக்கல. அப்போஸ்தலர் பவுல், எபேசு ஊர் சபைக்கு எழுதுன லெட்டர்ல, எபேசியர் 6:17ல, பட்டயத்த "எடுத்துக்கொள்ளுங்கள்"னுதான் எழுதுறார். அத யாருக்கு எழுதுறார்னு பாருங்க, எபேசு பட்டணம் மந்திரத்துக்கு பேர் போன ஊரு. அப்போஸ்தலர் 19ல அங்க மனந்திரும்புனவங்க மாயவித்தை புஸ்தகங்கள எல்லாம் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் எரிச்சாங்க, கணக்கு பாத்தா அம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமானம். அதே ஊர்ல ஸ்கேவாங்கிற ஆசாரியனோட ஏழு பசங்க, இயேசுவோட பேர ஒரு மந்திரம் மாதிரி சொல்லி பேய் ஓட்டப் போயி, "இயேசுவ தெரியும், பவுல தெரியும், நீங்க யாரு"ன்னு கேள்வி கேக்கப்பட்டு காயத்தோட ஓடுனாங்க. அப்படிப்பட்ட ஊர் ஜனங்களுக்குத்தான் பவுல் தேவனுடைய வசனத்த பட்டயம்னு சொல்றார், தாயத்துன்னு சொல்லல. தாயத்து கட்டுனா போதும், அதுபாட்டுக்கு கெடக்கும், நாம தூங்கலாம். பட்டயம்னா புடிக்கணும், ஓங்கணும், எதிர்ல நிக்கிறது என்னன்னு கண்ணால பாக்கணும்.

அவர் எழுதுன கிரேக்க வார்த்தைகளும் அதத்தான் காட்டுது. பட்டயத்துக்கு அவர் போட்டது மகாய்ரா, கிட்ட வந்து நிக்கிறவனோட சண்டை போடுற குட்டை வாள். வசனத்துக்கு போட்டது ரேமா, வாய்ல சொல்ற சொல். அதாவது முழு பைபிளும் அலமாரியில இருக்கட்டும், இந்த நிமிஷம் உங்க முன்னாடி நிக்கிற ஒரு பொய்க்கு எதிரா நீங்க வாய் திறந்து சொல்ற அந்த ஒரு வார்த்தை, அதுதான் பட்டயம். இதையெல்லாம் எழுதுறப்போ பவுல் சங்கிலியில இருக்கார், அதே அதிகாரம் 20ம் வசனத்துல அவரே சொல்றார். கையில வாள் இல்லாத கைதி எழுதுன வரிகள் இது.

91ம் சங்கீதத்த பத்தி ஒரு விஷயம். வனாந்தரத்துல நாப்பது நாள் பட்டினி கிடந்த ஆண்டவர் இயேசுகிட்ட 91ம் சங்கீதத்த சொன்னது யாரு தெரியுமா, பிசாசு! "தூதர்கள் உன்ன தாங்குவாங்க, குதி"ன்னான். "உன் வழிகளிலெல்லாம்" அப்படிங்கிற வார்த்தைய விட்டுட்டான், அடுத்த வசனத்துல வர்ற வலுசர்ப்பத்த மிதிக்கிற பகுதி பக்கமே போகல, பைபிள்ல அந்த பாம்பு அவனோட பேருதான், அவனுக்கே ஆகாதுல்ல. சங்கீதம் நல்ல சங்கீதம்தான், நானும் சொல்றேன், என் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். ஆனா வசனம் காத்துல ஓடிட்டு இருக்கிறது மட்டும் அவனுக்கு பயம் இல்ல, அவனே மனப்பாடமா ஒப்பிக்கிறான். இயேசு என்ன செஞ்சார், ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னத முழுசா கேட்டு, அதுக்கு எது பதிலோ அத மட்டும் எடுத்தார், மூணும் பழைய ஏற்பாட்டுல உபாகமம் புஸ்தகம் 6லயும் 8லயும் இருக்கிற வசனங்க, நாப்பது வருஷம் வனாந்தரத்துல அலைஞ்ச ஜனத்துக்கு மோசே சொன்னது. பசிக்கு அப்பத்த பத்தின வசனம், குதின்னா பரீட்சை பாக்காதேங்கிற வசனம், விழுந்து கும்பிடுன்னா அவர் ஒருவரையே ஆராதிங்கிற வசனம். முடிச்சப்புறமும் பிசாசு "சிலகாலம்" விலகிப் போனான்னுதான் லூக்கா எழுதுறார். ஆண்டவர்கிட்டயே திரும்பி வரப் பாத்தவன், நம்மகிட்ட மறுநாள் ராத்திரி வந்தா நாம தோத்துட்டோம்னு அர்த்தமா?

அதனால இன்னிக்கு முழிப்பு வந்தா முதல் வேலை, அந்த பயம் என்ன வாக்கியம் பேசுதுன்னு கவனிங்க. சும்மா "பயமா இருக்கு"ன்னு விட்றாதீங்க, அது கண்டிப்பா எதையோ சொல்லிட்டே இருக்கும். "ஆண்டவர் உன்ன மறந்துட்டார்"னு சொல்லுதா? ஏசாயா 49:14ல சீயோன், அதாவது எருசலேம், அதே வாக்கியத்த சொல்லுது, கர்த்தர் என்ன கைவிட்டார், மறந்தார்னு, உங்க வாயிலருந்து எடுத்த மாதிரி இருக்கும். அடுத்த வசனம் பதில்: "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." இல்ல, "எப்பவோ செஞ்ச தப்புக்கு இப்போ தண்டனை"ன்னு சொல்லுதா? அப்போ சங்கீதம் 103:10, அவர் நம்ம பாவத்துக்குத் தக்கதா நமக்கு செய்றதில்ல. எந்த பொய்யோ அதுக்கேத்த வசனம். ஒரு நோட்டு வச்சு பகல்லயே எழுதி, சத்தமா சொல்லிப் பழகிக்கோங்க, ஏன்னா மூணு மணிக்கு தேடுனா கிடைக்காது. சங்கீதக்காரரும் 119:11ல உமது வாக்க என் இருதயத்துல வச்சுவச்சேன்னு, முன்னாடியே சேத்து வச்சதாத்தான் சொல்றார்.

எனக்கு இது எப்படி தெரிஞ்சதுன்னா, என் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஐசியூ வாசல்ல ராத்திரி முழுக்க பெஞ்சுல உக்காந்திருந்தேன், கையில பைபிள் இருக்கு, எழுத்து கண்ணுக்கு தெரியுது, மனசுல ஒண்ணுமே ஏறல. அப்போ ஞாயிறு பள்ளியில, ஒரு சின்ன பரிசுக்காக படிச்ச ஒரு வரி எங்கருந்தோ மேல வந்துச்சு, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சங்கீதம் 56:3. தாவீத காத் ஊர்ல எதிரிகளான பெலிஸ்தர் புடிச்சப்போ பாடுன சங்கீதம் அது. பயப்பட மாட்டேன்னு அவர் சொல்லல பாத்தீங்களா, பயப்படுகிற நாளில்னு ஒத்துக்குறார்! அந்த ஒரு வரியத்தான் விடியிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தேன், கை நடுக்கம் நிக்கல, ஆனா நான் அந்த பெஞ்ச விட்டு ஓடல. தாவீதோட பராக்கிரமசாலி எலெயாசார் கை சலிச்சு பட்டயத்தோட கை ஒட்டிக்கிற வரைக்கும் சண்டை போட்டார்னு 2 சாமுவேல் 23ல இருக்கு. எனக்கு அன்னிக்குத்தான் அது புரிஞ்சது.

டாக்டர்கிட்டயும் போங்க. மாசக்கணக்கா தூக்கம் இல்லாம நெஞ்சு படபடப்போட இருக்கிறது உடம்பையும் சேத்து அடிக்கிற விஷயம், மருந்து சாப்பிட்டா விசுவாசக்குறைவுன்னு யாராவது சொன்னா, பவுலோட கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்னு சொல்லுங்க. சாகணும்னு படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதல்ல குடுத்தது சுட்ட அடையும் தண்ணியும், தூங்கவும் விட்டான்.

இப்போ உங்க வீட்டுக்காரர். இத மனசு கஷ்டத்தோடதான் எழுதுறேன். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்கு போராட்டம்னு அதே எபேசியர் 6ல, பட்டயத்துக்கு அஞ்சு வசனம் முன்னாடியே இருக்கு. ஏழு மாசமா வேலை தேடி கதவு கதவா ஏறி இறங்குற மனுஷன் எதிரி இல்லம்மா, அவருக்கும் ராத்திரி அதே பயம் பக்கத்துல படுத்திருக்கும், அவர் வெளிய சொல்லல அவ்வளவுதான். கெத்செமனே தோட்டத்துல இயேசுவ புடிக்க வந்தப்போ, அவரோட சீஷர் பேதுரு வாள உருவி, பிரதான ஆசாரியனோட வேலைக்காரன் மல்குஸோட காத வெட்டுனார். நாம வசனத்த எடுத்து வீட்டு மனுஷங்கள வெட்டுனாலும் முதல்ல போறது காதுதான், அதுக்கப்புறம் நாம சொல்ற எந்த வசனமும் அவங்களுக்கு கேக்காது. அங்க ஆண்டவர் வாள உறையில போடுன்னு சொல்லி, அந்த காத தொட்டு சொஸ்தமாக்குனார்.

நாளைக்கு காலையில காப்பி குடுக்கும்போது அந்த எறும்பு வசனத்துக்கு அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க. ஜெபத்துக்கு வாங்கன்னு உடனே கூப்பிட வேண்டாம். ராத்திரி எனக்கு ரொம்ப பயமா இருக்கு, முழிப்பு வந்தா உங்கள எழுப்பட்டுமா, 56:3 ரெண்டு பேரும் சேந்து சொல்லலாமான்னு மட்டும் கேளுங்க.