பவுலிங் கோச் சான்றிதழ்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கிரிக்கெட் பந்துவீச்சு இல்லை, பத்துப் பின்களைச் சாய்க்கும் டென்பின் பவுலிங். நான் டெக்சாஸில் இருக்கிறேன், வெண்கல நிலைக் கோச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை காலையெல்லாம் சிறுவர் லீகில்தான் போகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, அமெரிக்காவில் பவுலிங் கோச் ஆக முறையான சான்றிதழ் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

உண்டு. யு.எஸ்.பி.சி. என்று சொல்லும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ்தான் கொடுக்கிறது. 2005இல் பழைய அமைப்புகள் நான்கு ஒன்றாகச் சேர்ந்து உருவானது, தலைமையகம் இங்கே ஆர்லிங்டனில். லெவல் 1, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நான்கு படிகள், இடையில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. லெவல் 1 ஆன்லைனில் வீட்டிலிருந்தே முடிக்கலாம். வெண்கலத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து, பந்து உருட்டும் தடமான லேனிலும் நின்று பயிற்சி எடுக்க வேண்டும். தங்கம் வாங்கியவர்கள் நாடு முழுக்கவே மிகச் சிலர்தான். இன்னொன்று, பின்னணிச் சரிபார்ப்பும் சேஃப்ஸ்போர்ட் என்ற பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. "எதுக்கு இதெல்லாம்" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள், ஆனால் பிள்ளைகளை நம்பி விட்டுப்போகும் இடத்தில் இதைத் தளர்த்தவே கூடாது என்பேன்.

ஒரு ஆட்டத்துக்கு என் சராசரிப் புள்ளி வெறும் 160. ஒரு தடவைகூட 250 போட்டதில்லை. நான் கோச் ஆகலாமா?

தாராளமாக ஆகலாம் தம்பி. 220 சராசரி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தான் எப்படிப் போடுகிறோம் என்றே சொல்லத் தெரியாது, "இப்படிப் போடு" என்று போட்டுக் காட்டுவார்கள், அவ்வளவுதான். கோச்சுக்கு வேண்டியது கண்.

வெண்கல வகுப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பந்து போடுகிறார், நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நிற்கிறோம். பந்து கையை விட்டதும் எல்லார் தலையும் பின்கள் பக்கம் திரும்பியது, ஏழு பின் விழுந்தது. சொல்லிக்கொடுத்தவர் கேட்டார்: "கடைசி அடியில் அவர் கால் எங்கே முடிந்தது?" ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த அரை மணி நேரம் பின்களைப் பார்க்கவே விடவில்லை. ஒரு பந்துக்குக் கால் மட்டும், அடுத்த பந்துக்குத் தோள் மட்டும், அப்புறம் கட்டைவிரல் எப்போது வெளியே வருகிறது என்பது மட்டும். அப்போதுதான் தெரிந்தது, அவர் நழுவி நிற்கும் கால் ஒவ்வொரு தடவையும் தரையின் வெவ்வேறு பலகையில் முடிகிறது. கையில் ஒரு தப்பும் இல்லை. முதல் அடியை அவசரமாக எடுத்துவிடுகிறார், பந்தை முன்னே தள்ளுவதற்குள் கால் ஓடிவிடுகிறது. பின்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் "கையை நேராக வை" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நாளாகக் கட்டைவிரல் வலிக்கிறது என்கிறாள். கோச்சிடம் போகவா, பந்துக்குத் துளை போட்டுத் தரும் ப்ரோ ஷாப் போகவா?

அக்கா, முதலில் அவள் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கள் லீகில் ஒரு பெண் குழந்தைக்குக் கட்டைவிரல் கணுவின் மேல் தோல் தடித்துச் சிவந்திருந்தது. சென்டரில் கிடந்த 8 பவுண்டு பந்து, எடை சரிதான், ஆனால் ஓட்டை பெரியவர்களுக்குப் போட்டது மாதிரி அகலம். பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் உள்ளே விரலை மடக்கி அழுத்திப் பிடித்திருக்கிறாள். அப்படிப் பிடித்தால் விரல் நேரத்துக்கு வெளியே வராது, பந்து இழுபட்டுப் போகும், வலியும் வரும். அவள் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே இரண்டு டேப் ஒட்டியதும் பிடி தளர்ந்தது. நான் வேறொன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் முதலில் ப்ரோ ஷாப், பிறகு கோச். வலி தொடர்ந்தால் இரண்டையும் விட்டுவிட்டு டாக்டர். எடையைக் குறைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் உடனே கேட்டுவிடாதீர்கள், பொருந்தாத பந்து ஆறு பவுண்டாக இருந்தாலும் வலிக்கும்.

ப்ரோ ஷாப்காரருக்கும் சான்றிதழ் உண்டா?

உண்டு. ஐ.பி.பி.எஸ்.ஐ.ஏ. என்ற ப்ரோ ஷாப் சங்கம், கையை அளப்பது, துளை போடுவது எல்லாவற்றுக்கும் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. கடையில் கேட்டுப் பாருங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழைய பந்து வாங்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பிடிக்கப் பயன்படாத சமன் துளை 2020 ஆகஸ்ட் முதல் யு.எஸ்.பி.சி. போட்டிகளில் செல்லாது, அடைத்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

எங்கள் சென்டரில் 190 போடுகிறேன், போட்டிக்குப் போனால் 150. லேனில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, லேன் மேல் பூசும் ஆயில். பந்து போடுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் நிற்கும் இடம் வரை 60 அடி, குறுக்கே 39 பலகைகள். சாதாரண சென்டரில் நடுவில் நிறைய ஆயிலும் ஓரத்தில் கொஞ்சமும் பூசுவார்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பந்து வலப்பக்கம் தவறினால் காய்ந்த இடத்தில் பிடித்து உள்ளே வளைந்து வந்துவிடும், இடப்பக்கம் தவறினால் ஆயிலில் வழுக்கி வளைவது குறையும், இரண்டு தவறும் மன்னிக்கப்படும். போட்டிகளுக்குப் பூசும் ஸ்போர்ட் வகையில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் தவறு தவறாகவே நிற்கும். ஆயில் எத்தனை அடி என்று கேளுங்கள், 31ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் வலது ஓரத்திலிருந்து 9ஆம் பலகைப் பக்கம் பந்து ஆயிலை விட்டு வெளியே வர வேண்டும். தொடங்குவதற்கு இந்தக் கணக்கு போதும்.

லேனுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனைச் சான்றிதழ் உண்டு. மேடு பள்ளம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

எனக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, பின்களை அடுக்கி வைக்கும் இயந்திர வேலை கற்கலாமா?

நல்ல தொழில், கைதேர்ந்த மெக்கானிக்கைச் சென்டர்கள் விடுவதில்லை. சென்டர் உரிமையாளர் சங்கமான பி.பி.ஏ.ஏ. 'பவுலிங் யுனிவர்சிட்டி' என்று பயிற்சி நடத்துகிறது, இயந்திர நிறுவனங்களும் தருகின்றன. ஏ.எம்.எஃப். 82-70, பிரன்ஸ்விக் ஏ-2 போன்ற பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. பின்களைக் கயிற்றில் கட்டித் தூக்கும் புதிய வகை வந்துவிட்டதே என்றால், வந்துவிட்டதுதான், 2023இல் யு.எஸ்.பி.சி. அதைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது, அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டாமல் கையை உள்ளே விடாதீர்கள். முதல் நாள் பாடம் அதுதான்.

மகள் பவுலிங் மூலம் கல்லூரி போக முடியுமா?

முடியும். பெண்கள் பவுலிங்கில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் சாம்பியன்ஷிப் 2004 முதல் நடக்கிறது, உதவித்தொகை தரும் கல்லூரிகள் இருக்கின்றன. பையன்களுக்கு என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் கிடையாது, அவர்கள் யு.எஸ்.பி.சி.யின் கல்லூரிப் போட்டிகளில் ஆடுகிறார்கள். சிறுவர் போட்டிகளில் வெல்லும் உதவித்தொகை ஸ்மார்ட் என்ற கணக்கில் சேரும், அவள் பெயரில் இப்போதே சேரத் தொடங்கியதா என்று லீக் செயலாளரிடம் கேளுங்கள்.