‘எத்தனை மணிக்கு வருவே?’ என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில்?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 24. சென்னையில் ஒரு நாடகக் குழுவில் இரண்டு வருடமாக மேடை நிர்வாகியாக இருக்கிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. அதை விட்டுவிட்டு முழுநேரமும் நாடகத்துக்கே வர ஆசை. தில்லியிலோ லண்டனிலோ முறையாகப் படிக்கவும் ஆசை. வீட்டில் யாருக்கும் என் வேலை புரியவில்லை. என் அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கிறார். 7 மணி நாடகத்துக்கு 6.25-க்கு நான் ‘ஹாஃப்’, அதாவது அரைமணி அழைப்பு, சொன்னால், 22 பேரும் அரங்குக்குள் இருப்பார்கள். வீட்டில் மட்டும் எனக்கு மதிப்பே இல்லை. கிளம்பும்போது ‘எத்தனை மணிக்கு வருவே?’ என்று அப்பா கேட்பார். ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போவேன். நாடகத்தில் அப்படித்தானே? நான் வரும்வரை அவர் கேட்டைப் பூட்டாமல் உட்கார்ந்திருப்பது எரிச்சலாக இருக்கிறது. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

— வாசகி, சென்னை

அன்பு மகளுக்கு,

வீட்டாருக்குப் புரியவைப்பதைப் பிறகு பார்க்கலாம். அப்பாவிடம் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போகிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்.

6.25-க்கு ஹாஃப், 6.40-க்குக் குவார்ட்டர், 6.50-க்கு ஃபைவ், 6.55-க்குப் பிகினர்ஸ், அதாவது முதல் காட்சி நடிகர்களுக்கான அழைப்பு. முதல் காட்சி நடிகர் திரை விலகுவதற்கு 5 நிமிடம் முன்பே விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, எல்லா அழைப்பையும் 5 நிமிடம் முன்னால் நகர்த்தி வைத்திருக்கும் தொழில் இது. இதில் இருந்துகொண்டு, பெற்ற தகப்பன் நேரம் கேட்டால் தெரியாது என்கிறாய். 22 பேருக்கு நிமிடக் கணக்கில் சொல்லத் தெரிந்தவளுக்கு ஒருவருக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

‘நாடகத்தில் அப்படித்தானே’ என்று கேட்கிறாய். அப்படி இல்லை. நாடகம் ஓடும் நேரம் உன் குறிப்பில் இருக்கிறது. இடைவேளை எவ்வளவு என்று நீயே முடிவு செய்கிறாய். அதற்குப் பிறகு நடப்பதுதான் உனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால், உங்கள் குழுவில் செட் பிரிக்கத் திட்டம் என்று ஒன்று இல்லை. திரை மூடியதும் ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைக் கழற்றுகிறீர்கள்.

இதில் என்ன கெடும் என்றும் சொல்கிறேன். ஒருவர் அவசரப்பட்டு ஏணியை மேடை நடுவில் போட்டு முதலில் விளக்கை இறக்கப் போவார். 1000 வாட் ‘பார்’ மேடை விளக்கு அப்போதுதான் அணைந்திருக்கும். கால் மணி நேரமாவது ஆறாமல் தொட்டால் கை வெந்துவிடும். சூட்டோடு ஆட்டினால் பல்பின் இழையும் அறுந்துபோகும். ஏணி நடுவில் நிற்பதால் செட் தட்டிகளை வெளியே கொண்டுபோக வழி இருக்காது. அதற்குள் நடிகர்கள் மேக்கப்பைக் கலைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மூக்குக்கண்ணாடி, கடிதம், வெற்றிலைப்பெட்டி என்று கைப்பொருள் ஒவ்வொன்றும் ஒருவர் பையில் வீட்டுக்குப் போயிருக்கும். கடைசியில் குட்டி யானை டிரைவருக்குப் போன் போட்டால், அவர் சாப்பிடப் போயிருப்பார். அரங்கத்து எலக்ட்ரீஷியன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முறைப்பார். இப்படி நடந்தால் எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்கும்தான் தெரியாது.

இனி இப்படிச் செய். வணக்கம் போட்டு வந்த நடிகர்கள் மேக்கப் அறைக்குப் போகும் வழியில் ஒரு மேஜை போடு. மேலே பிரவுன் பேப்பர் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் கோடு போட்ட கட்டமும் பெயரும் எழுது. வெற்றுக் கட்டம் தெரிந்தால் அந்த நடிகர் இன்னும் போகக் கூடாது. அதே நேரத்தில் உடைகளை ஒருவர் எண்ணட்டும். இதற்கு 20 நிமிடம் ஆகும், அதற்குள் விளக்குகள் ஆறிவிடும். அடுத்தது நாற்காலி மேஜை, பிறகு தட்டிகள். ஏணி கடைசியில்தான் மேடைக்கு வர வேண்டும். விளக்கு இறங்கியபின் கேபிளைச் சுற்று. ஆணி, ஸ்க்ரூ, கீல் எல்லாம் ஒரே மூடி போட்ட டப்பாவுக்குள். யார் எதைத் தூக்குவது என்று பெயர் போட்டு விங்கில் ஒட்டிவிடு. வண்டிக்கு இடைவேளையிலேயே போன் பண்ணு.

இப்போது உன் அப்பாவின் கேள்விக்கு வருவோம். 7 மணிக்குத் தொடங்கி, இடைவேளையோடு 2 மணி நேரம் ஓடும் நாடகம் என்றால் 9-க்கு முடியும். பொருளும் உடையும் 9.20. செட்டும் விளக்கும் ஒரு மணி நேரம், 10.20. வண்டியில் ஏற்ற 20 நிமிடம். மேடையை ஒருமுறை சுற்றிப் பார்த்து அரங்கத்தாரிடம் ஒப்படைக்க 10 நிமிடம். 10.50. வீட்டுக்கு 40 நிமிடம் என்றால் 11.30. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், அதற்கு ஒரு 10 நிமிடம். ‘அப்பா, 11.40’ என்று சொல்லிவிட்டுப் போ. இதைச் சொல்ல உனக்குப் படிப்பு எதுவும் வேண்டாம்.

உன் இரவு அறிக்கையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தவறிய க்யூ (விளக்கையோ ஒலியையோ மாற்ற நீ கொடுக்கும் குறிப்பு), உடைந்த பொருள் எல்லாம் எழுதுவாய் அல்லவா? அதன் அடியில் ‘மேடை காலியான நேரம்’ என்று ஒரு வரி சேர். நாலைந்து நாடகம் போனால் உன் கணக்கில் எங்கே ஓட்டை என்று அதுவே காட்டும். நாடகத்தின்போது உன் போன் அணைந்திருக்கும் என்பதால், அரங்க வாசலில் நிற்கும் உங்கள் ஆளின் எண்ணை வீட்டில் எழுதி வை. 11.40 தாண்டப் போகிறது என்று தெரிந்த நிமிடமே நீயாகக் கூப்பிட்டுச் சொல்.

கேட்டைப் பூட்டாமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், உனக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு உன்மேல்தான் கோபம் வருகிறது. ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறவர், எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். மகன் எழுதியிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். வீட்டாருக்கு உன் வேலை புரியவில்லை என்கிறாயே, இரவு திரும்பும் நேரத்தைக்கூடச் சொல்லாத வேலையை அவர்கள் எதைக் கொண்டு புரிந்துகொள்வார்கள்? ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துப் போய் விங்கில் ஓர் ஓரமாக உட்கார வை. நீ க்யூ கொடுப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

கல்யாணப் பேச்சை நான் தடுக்க மாட்டேன். மாதத்தில் எத்தனை இரவு, எத்தனை மணி என்று எழுதி அம்மாவிடம் கொடு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவர் அதைச் சொல்லட்டும். மறைத்துக் கட்டிக்கொள்ளாதே.

படிப்பைப் பற்றிக் கேட்டாய். 1959-இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு. அங்கே மேடை நிர்வாகம் பெரிய பாடத்திட்டத்துக்குள் ஒரு பகுதி. லண்டனில் ராடா, கில்ட்ஹால் போன்ற கலைப் பள்ளிகளில் இதை முதன்மையாக வைத்தே பட்டம் படிக்கலாம். லண்டன் போகிறவர்களிடம் செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள். வசனம், அசைவு, க்யூ எல்லாம் குறித்து வைக்கும் உன் ப்ராம்ப்ட் காப்பியை எடுத்துப் பார். பேனாவால் எழுதியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் பென்சிலில் எழுது, ஒத்திகைக்கு ஒத்திகை அசைவு மாறும். வசனத்தில் எந்தச் சொல்லில் விளக்கு மாற வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு அடியிலிருந்து ஸ்கேல் வைத்து ஓரம்வரை கோடு இழு. விளக்கு க்யூவுக்கு எண், ஒலி க்யூவுக்கு எழுத்து. 14-க்கும் 15-க்கும் நடுவே புதிது வந்தால் 14.5 என்று போடு, மற்ற எண்களைக் கலைக்காதே. ஹெட்செட்டில் க்யூ கொடுக்கும்போது தவிர வேறு எதற்கும் ‘கோ’ என்று உச்சரிக்காதே, விளக்கு போர்டில் இருப்பவர் பட்டனை அழுத்திவிடுவார். நாற்காலி நிற்கும் இடத்துக்கு மேடைத் தரையில் குறி ஒட்டும்போது பின்கால் இரண்டுக்கு மட்டும் ஒட்டு, காட்சிக்கு ஒரு நிறம். முன்காலுக்கும் ஒட்டினால் முன்வரிசையில் இருப்பவர் கண்ணில் படும்.

உனக்குக் காய்ச்சல் என்று வை. அந்தக் காப்பியை வேறொருவர் கையில் எடுத்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாடகத்தை நடத்த முடிந்தால், விண்ணப்பம் போடு. முடியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே செய்.

கணக்கு வேலையை விடலாமா என்பதற்கு: ஒரு நாடகத்துக்குக் குழு உனக்கு என்ன தருகிறது என்று நீ எழுதவே இல்லை. இரவு 10.50-க்குமேல் அரங்கத்திலிருந்து உன்னை வீட்டில் கொண்டுவிடும் வண்டிக்கூலி யாருடையது என்றும் எழுதவில்லை. இரண்டையும் இயக்குநரிடம் கேட்டு எழுத்தில் வாங்கு. அதுவரை வேலையை விடாதே.